சுவரின் இரண்டு பக்கமும் கிர்க்

கிர்க் திராட்சை பூத்துவிட்டது என்பதை நெவெங்காவுக்கு முதலில் சொன்னது அவளுடைய மூக்குதான். மே மாதக் கடைசி, வெயில் ஏறாத காலை. மணல் தோட்டத்துக்குள் காலடி வைத்ததுமே தேனும் பச்சிலையும் கலந்த மாதிரி ஒரு மெல்லிய வாசனை வந்தது. மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். முதல் கொடியின் முன்னால் மண்டியிட்டு இலையை விலக்கிப் பார்த்தாள். பச்சை மூடிகள் கழன்று, கடுகளவு பூக்கள் கொத்துக் கொத்தாக வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"பூத்தாச்சு!" என்று கத்தினாள். கேட்பதற்கு யாரும் இல்லை. அதனால் இன்னொரு தடவை கத்தினாள்.

அவள் கத்தியதில் நியாயம் இருக்கிறது. தோட்டம் அவளுக்கும் அண்ணன் டிங்கோவுக்கும் பொதுச் சொத்து. டிங்கோ ஸ்ப்லிட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கெட்டவன் இல்லை. ஆனால் கடலைப் பார்த்த மணல் நிலம் என்றால் இந்தக் காலத்தில் சும்மா விடுகிறார்களா? தலைநகரத்திலிருந்து ஒருவன் வந்து, நீச்சல்குளம் வைத்த விடுதி கட்டுகிறேன் என்று டிங்கோவின் காதில் ஓதிவிட்டுப் போயிருந்தான். ஈஸ்டர் விருந்தில், ஆட்டிறைச்சித் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, டிங்கோ சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"நட்டு நாலு வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு கிளாஸ் ஒயின் கண்ணுல காட்டினியா? இந்த வருஷம் ஒரே ஒரு பீப்பாய். வந்துச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். வரலேன்னா வித்துடலாம், சரியா?"

"ஒரு பீப்பாய் என்ன, பீப்பாய் வழியுற அளவுக்குத் தர்றேன்" என்று சொல்லிவிட்டாள் நெவெங்கா. இந்தத் தோட்டத்துக்காக ஓட்டலில் வரவேற்பு மேஜை வேலையை விட்டவள். வாய் மட்டும் எப்போதுமே அவளுக்கு ஒரு முழம் முன்னால் போகும்.

பூத்தால் மட்டும் போதாது. அதுதான் இந்தக் கிர்க்கிடம் உள்ள வம்பு. உலகத்துத் திராட்சையெல்லாம் தானாகப் பூத்துத் தானாகக் காய்க்கும்போது, எங்கள் லும்பார்தா ஊரின் இந்த வெள்ளைத் திராட்சை மட்டும் பெண் பூவாகவே பூத்துத் தொலைக்கும். பக்கத்தில் வேறு கொடியிலிருந்து மகரந்தம் பறந்து வந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். அதற்காகவே பிளாவாட்ஸ் என்ற கறுப்புத் திராட்சையை நடுவில் நட்டு வைப்பது வழக்கம். ஊரில் அந்த வரிசைக்கு மாப்பிள்ளை வரிசை என்றே பெயர். மாப்பிள்ளை இல்லாமல் கிர்க் நடுகிற முட்டாள் ஊரில் கிடையாது.

நெவெங்கா முட்டாள் இல்லை. கெட்டிக்காரி. சில சமயம் அது இன்னும் மோசம். சுவருக்கு அந்தப் பக்கம் யெர்கோவின் தோட்டம் முழுக்கப் பிளாவாட்ஸ். கடலிலிருந்து யூகோ என்கிற தென்கிழக்குக் காற்று அடித்தால் அவர் பக்கத்திலிருந்துதான் இவள் பக்கம் வரும். இலவசமாக மாப்பிள்ளை பக்கத்து வீட்டில் நிற்கும்போது, தன் நிலத்தில் எதற்கு ஒரு வரிசையை வீணாக்குவது? மூலை முடுக்கு விடாமல் கிர்க்கையே நட்டுவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொந்த சாமர்த்தியத்தை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

இப்போது அந்த மாப்பிள்ளையும் பூத்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். அதில்தான் ஒரு சங்கடம். இரண்டு வருஷமாக அவளுக்கும் யெர்கோவுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. யெர்கோவின் கழுதை, கப்பித்தான் என்று பெயர், ஒரு நாள் சுவரைத் தாண்டி வந்து இளங்கொடிகளின் தளிரை வரிசையாக மேய்ந்துவிட்டது. இவள் கழுதையைத் திட்டினாள். பிறகு கழுதையை வளர்த்தவரைத் திட்டினாள். அவர், "பொம்பளை வெச்ச தோட்டத்துக்குக் கழுதை கூடவா மரியாதை குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு சரி. வயதில் மூத்த ஆண்பிள்ளையை எங்கள் கரையில் பார்பா என்று கூப்பிடுவது மரியாதை. அதையும் அன்றே நிறுத்திவிட்டாள். அவர் இருக்கும் பக்கம் தலையைக்கூடத் திருப்புவதில்லை என்று சபதம். அவருக்கும் அதே சபதம். சுவர் நெஞ்சு உயரம், மேலே முள்ளுப்புதர். கொடிகளோ இடுப்புக்குக் கீழே. ஏறி நின்று எட்டிப் பார்த்தால்தான் அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியும்.

சபதமாவது மண்ணாவது, ஒரு பீப்பாய் ஒயினா, சபதமா? கல்லில் கால் வைத்து, முள்ளை விலக்கி, தலையை உயர்த்தினாள்.

எதிரே, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, இன்னொரு தலையும் அதே நேரம் உயர்ந்தது. வெளிறிய தொப்பி, நரைத்த மீசை, யெர்கோ. மூக்கோடு மூக்கு இடிக்காத குறை.

நெவெங்கா அவருடைய தோளைத் தாண்டிப் பார்த்தாள். அவர் அவளுடைய தோளைத் தாண்டிப் பார்த்தார். அவள் பார்த்த இடமெல்லாம் கிர்க் இலை. பழைய பிளாவாட்ஸ் அடிமரத்தின் மேல் ஒட்டுப்போட்ட தழும்பு, அதற்கு மேலே கிர்க், கொத்துக் கொத்தாகக் கிர்க் பூ. அவர் பார்த்த பக்கமும் கிர்க்கைத் தவிர வேறில்லை.

"உங்க பிளாவாட்ஸ் எங்க?" என்று அலறினாள்.

"உன் பிளாவாட்ஸ் எங்க?" என்று அவரும் அலறினார்.

"நான் எதுக்கு வைக்கணும்? அதான் உங்ககிட்ட தோட்டம் பூரா இருந்துச்சே!"

"போன வருஷமே எல்லாத்தையும் கிர்க்கா மாத்தி ஒட்டுப்போட்டுட்டேன். நீ நடுவுல ஒரு வரிசையாவது வெச்சிருப்பேன்னு நெனச்சேன். படிச்ச புள்ளையாச்சே!"

"அறுபது வயசுல கிர்க் மேல என்ன திடீர் ஆசை?"

"வர்றவன் போறவன் எல்லாம் கிர்க் இருக்கா, கிர்க் இருக்கான்னுதான் கேக்குறான். என் கறுப்பை எவனும் மோந்துகூடப் பாக்கலை. எனக்கு மட்டும் ஆசை வரக்கூடாதா?"

நெவெங்கா சுவரிலிருந்து இறங்கி மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. ஊரிலேயே பெரிய கல்யாண மண்டபம் மாதிரி இரண்டு தோட்டம், மணப்பெண்ணாகவே நிரம்பிக் கிடக்கிறது. மாப்பிள்ளை ஒருத்தன்கூட இல்லை. பூ திறந்தால் சில நாள்தான். அதற்குள் மகரந்தம் வராவிட்டால் எல்லாம் கொட்டிப்போகும். செப்டம்பரில் பீப்பாய்க்குள் எட்டுக்கால் பூச்சிதான் குடியிருக்கும்.

ஊரில் மற்றவர்களிடம் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். பூக்கிற வாரத்தில் லும்பார்தாக்காரனிடம் பிளாவாட்ஸ் கிளை கேட்பதும், புருஷனை இரவல் கேட்பதும் ஒன்று. அவனவன் வைத்திருக்கிற ஒரு வரிசை அவனவன் கிர்க்குக்கே காணாது.

யெர்கோவின் தலை மறுபடி முள்ளுக்கு மேலே வந்தது. இந்தத் தடவை அவர் அவளைப் பார்க்கவில்லை. கடல் கால்வாய்க்கு அக்கரையில் பெல்யேஷாட்ஸ் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலிலிருந்து சுவர் மாதிரி செங்குத்தாக எழும்புகிற மலை. அதன் சரிவு முழுக்கப் பிளாவாட்ஸ். வேறு எதுவும் இல்லை.

"அக்கரையில மாப்பிள்ளைக்குப் பஞ்சமே இல்லை. அந்த வெயிலுக்கு இந்நேரம் பூத்திருக்கும்" என்றார்.

"அதுக்கு?"

"என்கிட்ட படகு இருக்கு."

"உங்க படகுல நான் ஏற மாட்டேன்."

"அப்ப நீந்தி வா. நான் போறேன்."

ஏறினாள். ஏறாமல் என்ன செய்வாள்? ஆனால் துறைமுகத்தைக் கடப்பது லேசாக இல்லை. கரையோரக் காபிக்கடை டோன்கா அவளுடைய சித்தி மகள். இருவரும் ஆளுக்கு இரண்டு மூன்று மரத்தொட்டியும் ஈரச் சாக்குமாகச் சேர்ந்து வருவதைப் பார்த்து, கையிலிருந்த காபியை வாடிக்கையாளர் மடியில் கொட்டிவிட்டாள்.

"என்னடி இது, உலகம் அழியப் போகுதா? நீயும் அவரும் சேர்ந்தா?"

விஷயத்தை நெவெங்கா நாலு வார்த்தையில் சொன்னாள். டோன்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் கிர்க்குன்னு ஊருக்கே தெரியுமே! நீங்க ரெண்டு பேரும் ரகசியமா ஏதோ ஏற்பாடு வெச்சிருக்கீங்கன்னுல்ல நெனச்சோம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா? அவர் பேரை எடுத்தாலே காபியைப் பாதியில வெச்சுட்டு எழுந்து போவியே! சரி சரி, போய் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. ஊர்வலத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்." சொல்லும்போதே அவள் கண் மின்னியது. கடையிலிருந்தவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். கப்பித்தான் கூடக் கட்டுத்தறியிலிருந்து கத்தியது.

படகு புறப்பட்டபோது தென்கிழக்கே வானம் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. கடல் தட்டையாக இருந்தாலும் அடியில் ஒரு நீண்ட மூச்சு ஏறி இறங்கியது. யெர்கோ சுக்கானைப் பிடித்தபடி அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"யூகோ வருது. சாயங்காலம் மழையோட வந்து நிக்கும். மழை விழுந்தா மகரந்தம் மண்ணோட போச்சு."

"அப்ப ஏன் மெதுவா ஓட்டுறீங்க?"

"இது படகும்மா, விமானம் இல்லை."

நெவெங்காவுக்குப் பயம்தான். ஆனால் வெறும் பயம் இல்லை. நாலு வருஷம் களை பிடுங்கினாள், மருந்தடித்தாள், காத்திருந்தாள். இன்றுதான் அந்தத் தோட்டத்துக்காக ஓடுவதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. காற்றில் முடி முகத்தில் அடிக்க, படகின் மூக்கில் உட்கார்ந்து மலையைப் பார்த்து, "வா, வா" என்று முணுமுணுத்தாள். மலைதான் வர வேண்டும் என்பது போல.

அக்கரையில் பொடோபுச்சே சின்னத் துறை. படகை இழுத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் தலைக்கு மேலே தோட்டம் தொங்குகிறது. பாதி உயரத்தில் ஒரு வைக்கோல் தொப்பி அசைந்தது. அது ஃபிலோமேனா. கணவன் போன பிறகு அந்தச் சரிவை ஒற்றை ஆளாகக் கட்டி ஆளுகிறவள். யெர்கோவோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவள் என்பதால் அவருக்கு மட்டும் தனி மரியாதை வைத்திருந்தாள்.

"யாரு, யெர்கோவா? இன்னும் சாகலையா நீ?"

"உன்கிட்ட சொல்லாம போவேனா?"

"லும்பார்தாக்காரனுக்கு எங்க ஞாபகம் எப்ப வரும்னு எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வேணுமா? கிடையாது. ஒவ்வொரு கொத்தும் எனக்கு ஒரு பாட்டில். வந்த வழியே போங்க."

நெவெங்கா முன்னால் வந்தாள். கெஞ்சுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டே மலையேறியவள், மேலே வந்ததும் மூச்சு வாங்கியதில் எல்லாம் மறந்து, உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டாள். இவள் அவரை நம்பி நட்டது, அவர் இவளை நம்பி ஒட்டுப்போட்டது, இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்தது, காலையில் சுவர் மேல் மூக்கு இடித்தது, எல்லாம். ஃபிலோமேனா முதலில் முறைத்தாள். பிறகு வாயைப் பொத்தினாள். பிறகு அந்தச் சரிவிலேயே உட்கார்ந்து, தொப்பி உருண்டு போவதுகூடத் தெரியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ரெண்டு பக்கமும்... ஐயோ... ரெண்டு பக்கமும் பொண்ணு வீடு!"

"சிரிக்காத ஃபிலோமேனா, இந்தப் புள்ளையோட நிலம் போயிடும்" என்றார் யெர்கோ.

நெவெங்கா திரும்பிப் பார்த்தாள். டிங்கோ போட்ட நிபந்தனையை அவரிடம் அவள் சொன்னதே இல்லை. ஊர்தான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் காலையில் படகை எடுத்திருக்கிறார்.

ஃபிலோமேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சரி, கேளுங்க. கொடியில கூடுதலா இருக்குற கிளையை இன்னிக்கு முறிச்சுக்கிட்டிருக்கேன். மேல் அடுக்கு முழுக்க பாக்கி. நீங்க முறிச்சுக் கொடுங்க. முறிச்சதெல்லாம் உங்களுது. ஆனா நான் தொட்டுக் காட்டுற கிளை மட்டும். ஒண்ணு தப்பா முறிச்சீங்க, ரெண்டு பேரையும் கடல்ல உருட்டி விட்டுருவேன்."

மேல் அடுக்கு என்றால் ஆடு ஏறுகிற இடம். கல் சூடு, வெயில் சூடு, கீழே கடலிலிருந்து திரும்பி வருகிற சூடு. ஃபிலோமேனா தொடுவாள், நெவெங்கா முறிப்பாள், யெர்கோ பூ உதிராமல் வாங்கி ஈரச் சாக்கில் படுக்க வைப்பார். அவருடைய முழங்கால் ஒவ்வொரு படிக்கும் சத்தம் போட்டது. ஒரு தடவையும் உட்காரவில்லை. கிளையை அசைத்தால் மஞ்சள் தூள் விரலில் ஒட்டியது. அதைப் பார்க்கப் பார்க்க நெவெங்காவுக்கு வேகம் வந்தது. ஒரு கட்டத்தில் ஃபிலோமேனாவே, "மெதுவாடி, கொடியைப் பிடுங்கிட்டுப் போயிடாத" என்று அதட்டும்படி ஆயிற்று.

தொட்டிகளில் தண்ணீர் ஊற்றி, கிளைகளை நிறுத்தி, ஈரச் சாக்கால் மூடிப் படகில் ஏற்றியபோது கடல் கறுத்துவிட்டது. ஃபிலோமேனா ரொட்டியும் உப்புமீனும் கொண்டுவந்தாள். அதோடு விடவில்லை. நல்ல கிளையாக ஒன்றை எடுத்து, துடுப்பின் நுனியில் வைத்து, தன் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள். உச்சியில் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் குத்தினாள்.

"மாப்பிள்ளை வீட்டு ஊர்வலம் கொடி இல்லாம போகலாமா? எங்க பக்கத்துக்கு அவமானம் இல்லையா?" என்று சொல்லித் துடுப்பைப் படகின் நடுவில் செங்குத்தாகச் செருகினாள். சிவப்புத் துணி படபடத்தது.

பாதிக் கால்வாயில் யூகோ பிடித்துக்கொண்டது. முதல் அலை படகின் பக்கத்தில் அறைந்து உள்ளே கொட்டியது. இரண்டாவது அலை முன்னால் இருந்த தொட்டிகளின் மேல் அப்படியே உட்கார்ந்தது. உப்புத் தண்ணீர் பட்ட பூ செத்த பூ. நெவெங்கா பாய்ந்து, கைக்கெட்டிய ஒரு தொட்டியைக் கட்டிப்பிடித்து, தார்ப்பாயை இழுத்துத் தன்னையும் சேர்த்து மூடிக்கொண்டாள். மோட்டார் இருமியது. யெர்கோ கடலை, காற்றை, மோட்டாரை, மோட்டார் விற்றவனை, விற்றவனின் பரம்பரையை வரிசையாகத் திட்டினார். திட்டிக்கொண்டே படகின் மூக்கை ஒவ்வொரு அலைக்கும் ஒவ்வொரு விதமாகத் திருப்பினார். கன்னத்தில் காற்று படுகிற இடத்தை வைத்தே அடுத்த அலை எங்கிருந்து வருமென்று அவருக்குத் தெரிந்தது. வலது பக்கம் வீட்டு உயரத்துக்கு ஒன்று எழும்புவதைத் தார்ப்பாய் இடுக்கு வழியாக அவள் பார்த்தாள்.

"பார்பா, அலை!"

படகு திரும்பியது. அலை அடியில் நழுவிப் போனது.

"என்ன சொன்னே?" என்றார் யெர்கோ.

"அலைன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னால."

"ஒண்ணும் சொல்லலை. முன்னாடி பாத்து ஓட்டுங்க."

மீசைக்குள் அவர் சிரித்தது தெரிந்தது. அதற்கப்புறம் திட்டுவதை நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பித்தார். திட்டே தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

லும்பார்தா துறையில் ஊரே நின்றது. சிவப்புக் கொடியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்கள். டோன்கா சொன்னதைச் செய்துவிட்டாள். அவள் புருஷன் அக்கார்டியனோடு நின்றான், யாரோ வெடி போட்டார்கள், யாரோ ஒயின் குப்பியைப் படகுக்கே நீட்டினார்கள். "பொண்ணு ரெடி, மாப்பிள்ளை எங்கே?" என்று கூச்சல். தொட்டிகளை யார் தூக்குவது என்று அடிபிடி. கடைசியில் கனமானவற்றைக் கப்பித்தான் முதுகில்தான் ஏற்றினார்கள். அது தலையைத் திருப்பி ஒரு கிளையைக் கவ்வப் பார்த்தது. நெவெங்கா அதன் மூக்கில் ஒன்று போட்டாள். மழையின் முதல் வாசனை காற்றில் வந்துவிட்டது. துடுப்புக் கொடியை முன்னால் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள்.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவே, சுவரடியில் இறக்கி, சாக்கை அவிழ்த்தார்கள். அக்கார்டியன் நின்றது.

ஒரு தொட்டியைத் தவிர மற்றதெல்லாம் உப்பில் நனைந்து, பூ பழுப்பேறித் தொங்கியது. டோன்கா ஒரு கொத்தை உதறிப் பார்த்தாள். ஒரு பொட்டுத் தூள் விழவில்லை. மிஞ்சியது நெவெங்கா மடியில் வைத்துக் காப்பாற்றிய ஒன்று. அதைப் பிரித்தால் இரண்டு பக்கத்துக்கும் காணாது. பிரிக்காவிட்டால் ஒரு பக்கத்துக்கு ஆகலாம்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பாதி அவருடைய உழைப்பு, படகு அவருடையது. எனக்குக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? முதல் தடவையாக நெவெங்காவின் வாய் அவளுக்குப் பின்னால் நின்றது.

யெர்கோதான் பேசினார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? சுவரு மேல வைங்க. பொதுச் சுவரு. யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சீக்கிரம், மழை வருது."

அப்பாடா என்றிருந்தது. நியாயமான தீர்ப்பு. ஆளாளுக்கு ஒரு கிளையை எடுத்து, முள்ளை வெட்டி, சுவர் நெடுகக் கல் இடுக்கில் செருகினார்கள். நாணல் குச்சியால் மெல்லத் தட்டினார்கள். மஞ்சள் தூள் புகை மாதிரி எழும்பியது. "போ, போ!" என்று ஊரே கத்தியது. நெவெங்கா தன் பக்கம் ஓடிப்போய் நின்று பார்த்தாள். தூள் அவள் தலைக்கு மேலே பறந்து, கொடிகளின் மேல் இறங்கியது. முடியில், இமையில், உதட்டில் எல்லாம் மஞ்சள். கைகளை விரித்துக்கொண்டு சின்னக் குழந்தை மாதிரி சுற்றினாள்.

சுற்றும்போதுதான் உறைத்தது. எல்லாத் தூளும் இந்தப் பக்கமே வருகிறது. ஒரு துளிகூட அந்தப் பக்கம் போகவில்லை. காற்று யெர்கோவின் தோட்டத்திலிருந்து அவள் தோட்டத்துக்கு அடிக்கிறது.

சுவருக்கு ஓடினாள். அந்தப் பக்கம் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பூத்த தன் கொடிகளுக்கு நடுவே நின்றார்.

"பார்பா, யூகோ அடிக்குது. எல்லாம் என் பக்கமே வருது."

"அப்படியா?" என்றார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்கு வயசாயிடுச்சு புள்ள. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

அலை அலையாகக் காற்றைக் கன்னத்தால் அளந்து அவளைக் கரை சேர்த்த மனிதர் சொன்ன வார்த்தை இது. நெவெங்கா டோன்காவின் கையிலிருந்த துடுப்பைப் பறித்தாள். துடுப்பின் உச்சியில் நின்றதால் அதில் கட்டிய கிளையிலும் உப்பு படவில்லை. சுவரைத் தாண்டிக் குதித்து, அவருடைய தோட்டத்தின் கடலோர மூலைக்கு, காற்று வருகிற திசைக்கு ஓடினாள்.

"அடியே பைத்தியம், அதை உன் பக்கமே உதறு!" என்று அவர் பின்னாலேயே கத்தினார். அவள் காதில் வாங்கவில்லை. துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே வரிசை வரிசையாக ஓடினாள். ஆரஞ்சுப் பழம் எங்கோ தெறித்து விழுந்தது. கடைசித் தூளும் தீர்ந்தபோது பெரிய துளியாக மழை விழுந்தது.

ஜூலையில் டிங்கோ வந்தான். நேராகத் தோட்டத்துக்குள் போனான். முதல் கொடியின் இலையை விலக்கினான். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றிலும் பச்சை முத்தாகக் கொத்து தொங்கியது. அங்கங்கே பொக்கை விழுந்த கொத்துகள்தான், ஆனால் கொத்துகள். நெவெங்கா பின்னாலேயே நடந்தாள். கடைசி வரிசையில் அவன் நிமிர்ந்தான்.

"பீப்பாய் வாங்கிட்டியா?"

"இல்லை, இன்னும்..."

"செப்டம்பருக்குள்ள வாங்கி வை. வழியும்னு சொன்னியே." போனை எடுத்து, விடுதிக்காரனின் எண்ணை அழைத்து, கொஞ்சம் தள்ளிப் போய், நிலம் விற்பதற்கில்லை என்றான். திரும்பி வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "யெர்கோ தோட்டத்துல என்ன, ஒரு மூலையில மட்டும் காய்ச்சிருக்கு?" என்று கேட்டான்.

நெவெங்கா கடப்பாரையைக் கொண்டுவந்து சுவரின் நடுவில் போட்டாள். இரண்டு ஆள் அகலத்துக்குக் கல் சரிந்தது. சத்தம் கேட்டு யெர்கோ ஓடி வந்தார்.

"என்ன பண்றே? பொதுச் சுவரு அது! என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"காத்தைத் திருப்பி விட்டப்ப நீங்க என்னைக் கேட்டீங்களா? குளிர்காலத்துல சுவர் நெடுக மாப்பிள்ளை வரிசை வைக்கப் போறோம். உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, நடுவுல."

யெர்கோ மீசையைத் தடவினார். அண்ணனும் தங்கையும் அவரும் கல்லை ஒதுக்குவதற்குக் குனிந்தார்கள். குனிந்திருந்த அவர்கள் பக்கமாகவே கப்பித்தான் அவசரமில்லாமல் புதிய வழியில் நடந்து வந்து, நெவெங்காவின் முதல் கொடியில் வாயை வைத்தது.

"பார்பா! உங்க கழுதை!" என்று அவள் போட்ட கூச்சல் துறைமுகம் வரை கேட்டது. காபிக்கடையில் டோன்கா தலை நிமிர்ந்தாள். பார்பா என்று கூப்பிட்டதைக் கேட்டதும், ஒன்றும் கவலையில்லை என்று மறுபடி கோப்பையைத் துடைக்கப் போய்விட்டாள்.